மருந்தில்லாத ஊசி

தோள்பட்டை வலிக்குத் தசைக்குள் வெறும் ஊசியைச் செலுத்தும் டிரை நீடிலிங், மருந்து ஊசியிலிருந்து பிறந்த சிகிச்சை. 1938இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் கெல்க்ரன், தன்னார்வலர்களின் தசைகளில் செறிவான உப்புக்கரைசலைச் சிறிதளவு ஏற்றி, அவர்கள் எங்கே வலிக்கிறது என்று சொன்னார்களோ அதைப் படமாகக் குறித்துக்கொண்டார். பல நேரம் ஊசி போட்ட இடம் ஒன்று, வலித்த இடம் வேறு.

இதை நியூயார்க்கில் சிகிச்சையாக வளர்த்தவர் ஜேனட் டிராவெல். தோள், கை வலிக்குப் புரோக்கெய்ன் என்ற, மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தசைக்குள் ஏற்றுவது பற்றி 1942இல் இரு சக மருத்துவர்களோடு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். தசையில் கயிறுபோல் விறைத்த ஓர் இழை, அதில் தொட்டாலே நோகும் ஒரு புள்ளி: இதுவே டிரிக்கர் பாயின்ட். தோள்பட்டை எலும்பின் பின்புறமுள்ள இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசையில் அது உண்டானால், நோயாளி கைவைத்துக் காட்டுவது தோளின் முன்பக்கத்தை. அங்கேயே தைலம் தடவிக்கொண்டிருந்தால் வலி எப்படிப் போகும்? டிராவெல் பின்னர் ஜான் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தார். 1961இல் அமெரிக்க அதிபரின் தனி மருத்துவரானார். அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

ஆனால் குணமாக்கியது மருந்தா, ஊசியா? 1941லேயே பிராவ், சிக்மண்ட் என்ற இருவர் இடுப்புவலிக்கு எதையும் ஏற்றாமல் ஊசியை மட்டும் குத்தி, அதிலும் வலி குறைவதைக் கண்டிருந்தனர். 1947இல் லான்செட் இதழில் பாலெட் என்பவர் டிரை நீடிலிங் என்ற பெயரையே எழுதினார். கண்முன்னே கிடந்த இந்த விடை நெடுங்காலம் கவனிப்பாரற்றுப் போனது வருத்தத்துக்குரியது.

அதைத் திரும்ப எடுத்தவர் பிராக் நகரின் கரேல் லெவிட். 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் ஊசி குத்தியதை ஆராய்ந்து 1979இல் வெளியிட்டார், 86.8 சதவீதத்தில் வலி உடனே அடங்கியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஊசி சரியான புள்ளியைத் தொட்டால்தான் பலன் என்று அவர் வலியுறுத்தியதே நிலைத்தது. டிராவெலும் டேவிட் சைமன்ஸும் எழுதிய டிரிக்கர் பாயின்ட் கையேட்டின் முதல் தொகுதி 1983இல் வந்து, அந்தப் புள்ளிகளைத் தசை தசையாகப் படம்போட்டுக் காட்டியது.

அடுத்து வந்தவர்கள் வழி பிரிந்தனர். கனடாவில் சான் கன், வலியின் வேர் முதுகெலும்பை ஒட்டிய நரம்பில் இருப்பதாகக் கருதி அங்கும் ஊசி போட்டார். இங்கிலாந்தின் பீட்டர் பால்ட்ரி, ஒருவருக்குக் கழுத்துத் தசையில் குத்தும்போது நுரையீரலில் பட்டுவிடுமோ என அஞ்சித் தோலுக்குக் கீழேயே நிறுத்தினார். அதற்கே வலி தணிந்தது. அதன்பின் மேலோட்டமாகக் குத்துவதே அவர் முறையானது. 1994இல் ஹாங் என்ற மருத்துவர், தோளின் மேல்விளிம்பிலுள்ள ட்ரபீசியஸ் தசையில், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் மருந்தின் ஊசியையும் வெறும் ஊசியையும் ஒப்பிட்டார். விறைத்த இழை ஒரு கணம் வெடுக்கென்று துடித்தால் இரண்டிலும் உடனடிப் பலன் இருந்தது, துடிக்காதபோது அதிகமில்லை. குத்திய பின் நோவு மட்டும் வெறும் ஊசியில் கூடுதல்.

இன்று மயிரிழை போன்ற, துளையற்ற ஊசியே புழக்கத்தில் உள்ளது. ட்ரபீசியஸ் தசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தூக்கிப் பிடித்துக் குத்துவதற்குக் காரணம் நுரையீரல்தான். அதன் உச்சி அங்கே மிக அருகில். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1984இல் பிசியோதெரபிஸ்டுகளுக்கு டிரை நீடிலிங்கை அனுமதித்தது. அக்குபங்சர் நிபுணர்கள் பல மாநிலங்களில் எதிர்த்தனர்.

வலிக்காத டிரிக்கர் பாயின்ட்கூட, கையை உயர்த்தும்போது தோள் தசைகள் இயங்கத் தொடங்கும் வரிசையைக் குலைக்கிறது என 2004இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. ஊசி போட்டுத் தசையை நீட்டிவிட்டபின் அந்த வரிசை சீரடைந்தது. தோள்வலி சில வாரங்களுக்குக் குறைவதற்கு ஓரளவு சான்று உண்டு; நீண்டகாலப் பலனுக்குச் சான்று மெலிது. அதனால் உடற்பயிற்சிக்குத் துணையாகவே இது தரப்படுகிறது.