இல்லம் பேணலும் மகவு பேணலும்

தாய்தந்தையற்ற பிள்ளையை விந்தைப் போக்குடைய உறவினர் வளர்த்தல் ஆங்கிலப் புதினத்தின் பழம்பொருளாகும். டிக்கன்சின் 'டேவிட் காப்பர்பீல்டு' (1850) காட்டும் பெட்சி, அத்தகையளாயினும், சிறுவனுக்கு நிலையான இல்லம் நல்குகிறாள். அமெரிக்கரான மெரிலின் ராபின்சன் 1980-இல் வெளியிட்ட 'ஹவுஸ்கீப்பிங்' இம்மரபைத் தலைகீழாக்கக் காண்கிறோம். 'இல்லம் பேணல்' என்பது அப்பெயரின் பொருள்.

ரூத், லூசில் என்னும் உடன்பிறந்தாரைத் தாய் ஏரியில் மாய்ந்தபின் பாட்டி வளர்த்தாள். பின்னர் வந்த சிற்றன்னை சில்வி ஊர்தோறும் திரிந்தவள். விளக்கின்றி இருளில் உண்பவள். பழைய செய்தித்தாள்களையும் வெற்றுத் தகரக் குவளைகளையும் வீட்டில் குவிப்பவள். லூசில் ஒழுங்கை நாடித் தன் ஆசிரியை இல்லம் புகுகிறாள். ரூத்தையும் பிரிக்க ஊரார் முனையவே, சில்வியும் ரூத்தும் வீட்டுக்குத் தீயிட்டு, இரவில் ஏரிப்பாலம் கடந்து மறைகின்றனர்.

பிரிந்த லூசிலையோ உடன்சென்ற ரூத்தையோ ஆசிரியர் பழித்திலர். இல்லம் பேணத் தெரியாதவள் மகவைப் பேணவும் தகாள் எனும் ஊரார் துணிபையே அவர் ஐயுறுகிறார் என்பது நம் கருத்து.