குதிரை இல்லாத தேரும் சார்டின் டின் லாரியும்

குழந்தைகளுக்கு விளையாட்டு வண்டி வாங்கித் தருவது இந்தக் காலத்து நாகரிகம் என்றே பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். உண்மையில் தமிழர் வாழ்வில் அதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று கால் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் வீசிய கனத்த காதணி, அந்தத் தேரின் வழியை மறிக்கிறதாம். தேரில் குதிரை இல்லை என்பதையும் புலவர் மறக்காமல் சொல்கிறார். அதே புலவரின் பெரும்பாணாற்றுப்படையில் தளர்நடைக் குழந்தைகள் தேர் உருட்டிக் களைத்து, பால் குடித்துத் தூங்கிப் போகிறார்கள். பிற்காலத்தில் ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர் என்றே பெயர் அமைந்தது.

குதிரை இல்லாத தேர் எப்படி ஓடியது? குதிரையைக் குழந்தையே மனத்தில் பூட்டிக் கொண்டது. வண்டியில் எது இல்லையோ, அதைக் குழந்தையின் கற்பனை நிரப்புகிறது. விளையாட்டு வண்டியைச் செய்பவரும் வாங்குபவரும் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இதுதான்.

இதற்குப் பேராக் மாநிலத் தோட்டங்களே சாட்சி. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பின்னர் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டக் கிளம்பும் பெற்றோர், கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். கடைப் பொம்மை அவர்களுக்கு எட்டாக் கனி. அண்ணன்மார் கைகளில் காலி சார்டின் டின்னே லாரியாயிற்று. தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம். குச்சியைச் செருகினால் அச்சு. முன்னால் ஒரு கயிறு. டின்னில் ரப்பர் கொட்டைகளை நிரப்பினால் சரக்கு லாரி, மங்கு ஒன்றைத் தூக்கி வைத்தால் பால் லாரி. ஒரே வண்டி ஒரு நாளில் எத்தனையோ வண்டியானது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் ஈப்போவுக்கும் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் இடம்பெயர்ந்தன. டின் லாரி மறைந்து பேட்டரி கார் வந்தது. பொத்தானை அழுத்தினால் அதுவே ஓடுகிறது, அதுவே பாடுகிறது. குழந்தைக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

டின் விளிம்பு பிஞ்சு விரலைக் கிழித்ததையும், துருப்பிடித்ததையும் மறுப்பதற்கில்லை. வறுமையைப் புகழ வேண்டியதில்லை. அந்த வண்டிக்குள் இருந்த முறையைத்தான் மீட்டெடுக்க வேண்டும்.

உலகம் இதை வேறு வழியில் கண்டுகொண்டது. டென்மார்க்கில் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். அவருடைய லெகோ நிறுவனம் 1962இல் தன் கட்டைகளுக்குச் சக்கரம் தந்தது. அதன்பின் குழந்தை தானே காரைக் கட்டலாம், பிரிக்கலாம், வேறொன்றாக்கலாம். 1971இல் சைமன் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயக் கலைஞர், இடம் மாற்றக்கூடிய உதிரிப் பொருள்கள் கூடக்கூடப் புதியன படைக்கும் வாய்ப்பும் கூடும் என்று எழுதினார். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றையும் நீண்ட நேரம், பல விதமாகப் பயன்படுத்தி விளையாடினர்.

ஆகவே பாலர் பள்ளிக்கும் வீட்டுக்கும் ஏற்ற வண்டி எது? பெரிய சக்கரம், மழுங்கிய விளிம்பு, திறந்த தட்டு, கழற்றி மாட்டக் கூடிய சில பெரிய பாகங்கள். இவை போதும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை விழுங்கிவிடக் கூடிய சிறு பாகங்கள் அறவே கூடாது. ஓட்டுநர் யார், சரக்கு என்ன, போகும் ஊர் எது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகள் பலர் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு பழைய அட்டைப் பெட்டியையும் நான்கு மூடிகளையும் அவர்களிடம் கொடுத்துப் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஆயாக் கொட்டகைக் காலத்தில் வறுமை கட்டாயப்படுத்தியதை, இன்று பெற்றோர் அறிந்தே தேர்ந்தெடுக்க முடியும்.