விடுதித் தட்டு: பந்தியின் வரலாறும் உடம்பின் வரலாறும்



நினைவுச் சொற்பொழிவில் சோற்றைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் குடும்பங்களில் முதல் பட்டம் வாங்கியவர்களில் பலர் விடுதிச் சோறு உண்டு படித்தவர்கள். ஆகவே அந்தச் சோறு நம் கல்வி வரலாற்றின் ஒரு பகுதி. அதைச் சுற்றி இரண்டு கேள்விகள் உண்டு. யாரோடு உட்கார்ந்து உண்பது என்பது ஒன்று. தட்டில் என்ன இருக்கிறது, அது வளரும் உடம்புக்குப் போதுமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை நாடே விவாதித்தது. இரண்டாவதை உரக்கக் கேட்டவர்கள் குறைவு.

முதல் கேள்வி மதுரைக்குப் பழையது. அமெரிக்க மிஷனரிகள் 1842 இல் திருமங்கலத்தில் ஒரு செமினரி தொடங்கி, 1845 இல் பசுமலைக்கு மாற்றினார்கள். 1847 இல் அந்த மிஷன், தன்னிடம் வேலை பார்ப்பவர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லோரோடும் உண்ண வேண்டும் என்றது. வேதத்தை ஏற்றுக்கொண்ட உபதேசியார்கள் பலர் அந்தச் சோற்றை ஏற்கவில்லை, வேலையை இழந்தார்கள்.

முக்கால் நூற்றாண்டு கழித்து, வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் அதே பந்தி மறுபடி வெடித்தது. காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்த அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிச் சாப்பாடு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டு அரசியல் திசைமாறியதில் அந்தப் பந்திக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற எல்லைக்குள்ளேயே நடந்தது. சேரிப் பிள்ளைக்கு எந்த இலை என்பது அதன் மையத்துக்கு வரவில்லை.

சேரன்மாதேவிச் சண்டை உச்சத்திலிருந்த அதே 1925 இல், சனவரி மாதம், அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதி திறந்தது. தங்க இடம், உடை, எழுதுபொருள், உணவு எல்லாம் கொடுத்தது. லண்டனில் படித்த நாட்களில் அரைவயிற்றோடு நூலகத்தில் கிடந்தவர் அவர். பசித்த மாணவனின் மூளை எவ்வளவு தூரம் ஓடும் என்பது அவருக்குப் பட்டறிவு. பிறர் பந்தியில் இடம் கேட்பது ஒரு போராட்டம். நம் பிள்ளைகளுக்கு நாமே உலை வைப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும் என்பதை 1925 ஆம் ஆண்டு ஒருசேரக் காட்டுகிறது.

இனி இரண்டாவது கேள்வி. 1895 இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தபின் சோழவந்தான் வட்டாரம் நெல்வயலும் வெற்றிலைக் கொடிக்காலுமாகச் செழித்தது. அதில் உழைத்தவர்களின் கலயத்தில் இருந்தது கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும். கூடவே பண்ணைக் கீரை, வயல் நண்டு, நத்தை, அயிரை மீன், கருவாடு. இழிவென்று ஒதுக்கப்பட்ட இந்தப் பண்டங்களில்தான் இரும்பும் சுண்ணாம்பும் புரதமும் இருந்தன. கௌரவம் தேடி நாம் வெள்ளைச் சோற்றுக்கு மாறினோம். இன்று அதே கம்பும் கேழ்வரகும் ‘சிறுதானியம்’ என்ற பெயரில் கடையில் விலையேறி நிற்கின்றன.

குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1920களில் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கிய உணவு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியே பெரும்பகுதியான சென்னை மாகாண உணவை உண்டவை நோஞ்சானாயின. சில சாதிகளை ‘வீர இனம்’ என்று பொறுக்கிப் படையில் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. எலிக்குச் சாதி கிடையாது. உடம்பின் பலத்தில் தட்டுக்கு உள்ள பங்கை எலிகள் காட்டிவிட்டன.

அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் பிறகு ஐதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 2024 இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல் ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராம், பருப்பு 85 கிராம், பால் 300 மில்லி, பழம் 100 கிராம் என்கிறது. தமிழக அரசின் கல்லூரி விடுதிகளில் மாணவர் ஒருவருக்கான மாத உணவுப்படி 2023 இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. வரவேற்போம். நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளை. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 இல் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் நல்ல பெயர். சாம்பாரும் அதற்குத் தக்கபடி கெட்டியாக வேண்டும்.

இது வெறும் ருசிச் சண்டையல்ல. அந்த விடுதிப் பையன் நாளை காவலர் தேர்வுக்குப் போய் நிற்பான். மார்பு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சிழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அளவு நாடாவோடு நிற்கிற அதே அரசுதான் அவனுக்குச் சோறும் போட்டது. அங்கே அவன் மூச்சு வாங்கினால், குறையை அவன் உடம்பில் மட்டும் தேடக் கூடாது.

ஆகவே சில காரியங்கள். விடுதி உணவுப்பட்டியல் போடும்போது மாணவர்கள் உட்கார வேண்டும். வாரத்தில் சில வேளை கம்பும் கேழ்வரகும் திரும்பட்டும். சுண்டல், நிலக்கடலை, கீரை, முட்டை இவை விலை குறைந்த புரதமும் சத்தும். இவற்றில் கைவைக்க யாரையும் விடக்கூடாது. கருவாடோ மாட்டுக்கறியோ, தன் வீட்டு உணவைச் சொல்ல எந்தப் பிள்ளையும் கூசக் கூடாது. 2018 இல்கூடச் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடத்தில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவுமிடம் என்று தாள் ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்தபின் எடுத்தார்கள். முதல் கேள்வி இன்னும் முடியவில்லை என்பதற்கு அது சாட்சி. விடுதிக்கு ஒரு விளையாட்டுத் திடல் கேளுங்கள். கிடைக்கும் வரை வைகைக் கரையில் ஓடுங்கள்.

பந்தியில் இடம் கேட்டு நம் முன்னோர் போராடினார்கள். உட்கார்ந்த பிள்ளையின் வயிறும் நெஞ்சும் நிறைய வேண்டும் என்று கேட்பது நம் தலைமுறையின் வேலை.