ஆறு வட்டாரம் முப்பத்திரண்டான கதை: சிங்கப்பூர் நகரசபை, 1949 – 1957

சிங்கப்பூர் நகரசபைத் தேர்தலைப் பற்றிக் கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "1957இல் தேர்தல் நடந்தது. மக்கள் செயல் கட்சி வென்று, ஓங் எங் குவான் மேயரானார்." தவறில்லை. ஆனால் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்காது. ஏன் வென்றது, எப்படி வென்றது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லையே! அந்தப் பதிலின் ஒரு பகுதி வாக்குப் பெட்டிக்குள் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது.

நகரசபை என்ன செய்தது?

இன்றைய மாணவர்களுக்கு முதலில் இதைச் சொல்லியாக வேண்டும். அன்றைய நகரசபை வெறும் கூட்டம் போடும் இடம் இல்லை. குடிநீர், மின்சாரம், எரிவாயு, சாலை, சாக்கடை, குப்பை அகற்றுவது எல்லாம் அதன் பொறுப்பு. நம் தெருவுக்குக் குழாய் வருமா, விளக்கு எரியுமா என்பதை முடிவு செய்த இடம் அது. ஆகவே அங்கே யார் உட்கார்ந்தார்கள் என்பது சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைத் தொட்ட விஷயம்.

பழைய வரைபடம்: ஆறு வட்டாரங்கள்

1949 ஏப்ரலில் நகராட்சி ஆணையத்துக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 27 உறுப்பினர்கள். அதில் 18 பேரை வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள், மீதி 9 பேர் நியமன உறுப்பினர்கள். நகரம் முழுவதும் ஆறே வட்டாரங்கள்: சிட்டி, ஈஸ்ட், வெஸ்ட், நார்த், சவுத், ரோச்சோர். ஒவ்வொன்றுக்கும் மூன்று இடங்கள். 1951 செப்டம்பர் 22இல் சிங்கப்பூர் மாநகரத் தகுதி பெற்றபோது, இந்த ஆணையம் நகரசபை என்று பெயர் மாறியது. வட்டாரங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

அந்த வட்டாரங்கள் எவ்வளவு பெரியவை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு முனையில் பங்களா வீடுகள், மறுமுனையில் ஒரே அறையில் பத்துப் பேர் தங்கிய கடைவீடுகள். இரண்டும் ஒரே வட்டாரத்தில்! வாக்காளர் பட்டியலோ சிறியது, சொத்தும் வரியும் சார்ந்த தகுதிகள் அதில் இருந்தன. இந்தச் சூழலில் ஆங்கிலம் படித்த, வசதியுள்ளவர்களின் முற்போக்குக் கட்சி ஓங்கி நின்றதில் வியப்பில்லை.

அதற்காகப் பழைய முறையில் நல்லதே நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் தேர்தலில் வென்று பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண்ணான ஃபிலிஸ் யூ, 1949இல் இதே ஆறு வட்டார முறையில்தான் வெற்றி பெற்றார்.

கோடு என்ன செய்யும்? ஒரு சின்னக் கணக்கு

இதை மாணவர்களுக்குக் கரும்பலகையிலேயே விளக்கலாம். கற்பனையாக ஒரு பகுதியில் 900 வாக்காளர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 பேர் ஒரே தெருவில் வசிக்கும் தொழிலாளர்கள்.

மொத்தப் பகுதியும் ஒரே வட்டாரம் என்றால், 900இல் 200 பேர். அவர்கள் தனியாக யாரையும் வெற்றி பெற வைக்க முடியாது.

அதையே 300 பேர் கொண்ட மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, அந்தத் தெரு முழுவதும் ஒன்றில் அமைந்தால், அங்கே அவர்களே பெரும்பான்மை. அவர்கள் சொல்வதுதான் முடிவு.

ஆனால் கோடு அதே தெருவின் நடுவே போனால்? இந்தப் பக்கம் 100, அந்தப் பக்கம் 100. இரண்டு வட்டாரத்திலும் சிறுபான்மை. வட்டாரம் சிறியதாகியும் பலன் இல்லை.

மக்கள் மாறவில்லை, அவர்கள் விருப்பமும் மாறவில்லை. கோடு மட்டும்தான் நகர்ந்தது. வட்டாரத்தைச் சிறியதாக்கினால் மட்டும் போதாது, கோடு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம் என்று மாணவர்கள் இதிலிருந்து புரிந்துகொள்வார்கள்.

புதிய வரைபடம்: முப்பத்திரண்டு

1957இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் நியமன உறுப்பினர் முறையை எடுத்துவிட்டது. 32 இடங்கள், 32 வட்டாரங்கள், வட்டாரத்துக்கு ஒருவர். டிசம்பர் 21ஆம் தேதி வாக்களிப்பு. முடிவைப் பாருங்கள்: மக்கள் செயல் கட்சி 13, லிபரல் சோஷலிஸ்ட் கட்சி 7, தொழிலாளர் முன்னணி 4, பாட்டாளிக் கட்சி 4, அம்னோ 2, சுயேச்சைகள் 2.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலாவது, மக்கள் செயல் கட்சி 14 இடங்களில்தான் போட்டியிட்டது, அதில் 13இல் வென்றது. ஒரு வட்டாரத்துக்கு ஓர் இடம் என்று ஆனதால், தனக்குப் பலம் உள்ள வட்டாரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து முழு உழைப்பையும் அங்கே போட முடிந்தது. இரண்டாவது, 13 என்பது 32இல் பெரும்பான்மை அல்ல, அதற்கு 17 வேண்டும். "அறுதிப் பெரும்பான்மை பெற்றது" என்று எழுதும் மாணவர் இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார். அது தனிப்பெரும் கட்சி, அவ்வளவுதான்.

எல்லை மட்டும்தான் காரணமா?

இல்லை. 1957இல் பல மாற்றங்கள் சேர்ந்து வந்தன. சொத்துத் தகுதி போய், வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. ஆங்கிலம் மட்டுமே என்ற நிலை மாறி, மலாய், சீனம், தமிழ் ஆகியவையும் நகரசபையில் ஒலிக்க வழி பிறந்தது. கட்சிகளும் தெருத்தெருவாக இறங்கி வேலை செய்தன. இன்னொன்று, வாக்களிப்பு அப்போது கட்டாயம் இல்லை, 1959இல்தான் கட்டாயமானது. 1957இல் பதிவு பெற்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். அதனால் ஆதரவாளரை வீட்டிலிருந்து வாக்குச்சாவடிக்கு அழைத்து வரக்கூடிய கட்சிக்குச் சிறிய வட்டாரம் கூடுதல் சாதகம்.

ஆக, வாக்குரிமை புதிய மக்களை உள்ளே கொண்டுவந்தது. கட்சி அமைப்பு அவர்களைத் திரட்டியது. எல்லைக்கோடு அந்த வாக்குகளை இடங்களாக மாற்றியது. மூன்றையும் பிரித்துக் காட்டி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து எழுதும் விடையே உயர்நிலை விடை.

அதன் பிறகு

இந்த வரைபடம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. புதிய நகரசபை முதல் கூட்டத்திலேயே செங்கோலை அகற்ற முடிவெடுத்துப் பரபரப்பை உண்டாக்கியது. கூச்சலும் மோதலும் தொடர்ந்தன. 1959 ஏப்ரலில் ஓங் எங் குவான் பதவி விலகினார். அந்த ஆண்டு சுயாட்சி வந்தபின் நகரசபையின் பணிகள் அரசாங்கத்திடம் சென்றன. 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைந்து நீர், மின்சாரம், எரிவாயுவை ஏற்றுக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் மீண்டும் வரவில்லை.

1988இல் நகர மன்றச் சட்டம் வந்தது. வீவக புளோக்கின் மின்தூக்கி, தாழ்வாரம், துப்புரவு ஆகியவை இன்று நகர மன்றத்தின் பொறுப்பு. நகர மன்ற எல்லையோ நாடாளுமன்றத் தொகுதி எல்லையை ஒட்டியது. 2025 பொதுத் தேர்தலுக்கு 33 தொகுதிகளும் 97 இடங்களும் வகுக்கப்பட்டன. ஒரு புளோக் வேறு தொகுதிக்குப் போனால், அதைப் பராமரிக்கும் நகர மன்றமும் மாறக்கூடும். எனவே இது பழங்கதை மட்டும் அல்ல.

வகுப்பறைக்கு

1. "1957 நகரசபைத் தேர்தல் முடிவுக்கு வட்டார எல்லை மாற்றமே முக்கியக் காரணம்." இக்கூற்றை நீ எந்த அளவுக்கு ஏற்கிறாய்? வேறு இரண்டு காரணங்களோடு ஒப்பிட்டு விளக்குக.

2. மேலே உள்ள 900 வாக்காளர் கணக்கைப் படமாக வரையச் சொல்லுங்கள். ஒரு குழு அந்தத் தெருவுக்குச் சாதகமாகவும், மற்றொரு குழு பாதகமாகவும் கோடு போடட்டும். இரண்டிலும் வட்டாரத்துக்குச் சரியாக 300 பேர் இருக்க வேண்டும். பிறகு, எது நியாயமான கோடு, அதை யார் போட வேண்டும் என்று கேளுங்கள். விவாதம் தானாகவே சூடு பிடிக்கும்.