ஆக்சஸ் லிஸ்ட்டில் ரூட்டர்களின் பேச்சுக்கு இடம்

கடலூர், அதே பெயர் கொண்ட தமிழ்நாட்டு மாவட்டத்தின் தலைநகரம். சிதம்பரம் அம்மாவட்ட வட்டங்களுள் ஒன்றின் தலைமையிடம். 1980-களின் பிற்பகுதியில் நடுவண் அரசின் நிக்நெட் கணினி வலை வந்தபோது மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் செயற்கைக்கோள் வழியே டெல்லி மையத்தோடு இணைந்தன. எல்லாம் ஒரே மையத்தைத் தொட்டுச் சென்றதால் வழி தேடும் சிக்கல் பெரிதாக எழவில்லை. 2005 மார்ச்சில் நடுவண் அரசு ஒப்புதல் தந்த ஸ்வான் என்னும் மாநில அளவிலான வலைத் திட்டம் வந்தபின் நிலைமை மாறியது. சென்னையிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து அடுத்த நிலை அலுவலகங்களுக்கும் குறைந்தது 2 மெகாபிட் வேகத்தில் இணைப்பு என்பது திட்டம். தமிழ்நாட்டில் மாநில அரசு நிறுவனமான எல்காட் அதை நிறைவேற்றியது.

இப்படிக் கிளைவிட்ட வலையில் எந்த ஊருக்கு எந்த வழி என்பதை ரூட்டர்கள் தமக்குள் பேசியே அறிகின்றன. அந்தப் பேச்சுக்கான நெறிகள் அடுத்தடுத்து வெளிவந்தன: ரிப் 1988 ஜூன், பிஜிபி 1989 ஜூன், ஓஎஸ்பிஎஃப் 1989 அக்டோபர். பிஜிபியின் முதல் வரைவு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சாப்பாட்டு மேசையில் காகிதக் கைக்குட்டைகளில் எழுதப்பட்டது.

இந்தப் பேச்சும் பாக்கெட்டுகளாகவே செல்வதால், ரூட்டரில் பாக்கெட்டுகளை வடிகட்டும் ஆக்சஸ் லிஸ்ட் என்ற விதிப் பட்டியல் அதையும் தடுக்கலாம். அது மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு. எதிலும் பொருந்தாத பாக்கெட், பட்டியலின் அடியில் எழுதப்படாமலே நிற்கும் மறுப்பு விதியால் தள்ளப்படும். வலை அமைப்போரைத் தடுமாற வைப்பது இந்த எழுதப்படாத வரிதான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓஎஸ்பிஎஃப் ஓடும் ஈதர்நெட் இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கடலூர் முனையின் உள்வரும் பட்டியலில் இணையப் பக்கங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் அனுமதி எழுதினால், சிதம்பரம் 10 வினாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று அனுப்பும் ஹலோ செய்தி உள்ளே வராது. 40 வினாடியில் கடலூர் ரூட்டர் அந்த அண்டையைக் கைவிட்டுவிடும். சிதம்பரத்துக்கோ கடலூரின் ஹலோ தொடர்ந்து வரும். அதில் தன் அடையாள எண் இல்லாததால் உறவு 'இனிட்' என்னும் தொடக்க நிலையிலேயே நிற்கும். கேபிளில் பழுதில்லை, விளக்கும் எரிகிறது, வழி மட்டும் இல்லை. சிஸ்கோ ரூட்டர்களில் வெளிச்செல்லும் பட்டியல் ரூட்டர் தானே உண்டாக்கும் பாக்கெட்டைத் தொடாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உள்வரும் பட்டியலை.

ஓஎஸ்பிஎஃப் டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. அதன் ஐபி நெறி எண் 89. 224.0.0.5, 224.0.0.6 என்ற குழு முகவரிகளுக்கு மட்டும் அனுமதி தந்தாலும் போதாது. தரவுத்தளப் பரிமாற்றம் அண்டையின் தனி முகவரிக்கே செல்கிறது. ரிப்புக்கு யுடிபி 520, இன்னொரு வழி அறியும் நெறியான இஐஜிஆர்பிக்கு ஐபி நெறி எண் 88. பிஜிபியில் எந்த முனையும் தொடர்பைத் தொடங்கலாம் என்பதால் டிசிபி 179 மூல போர்ட்டாகவும் சேருமிட போர்ட்டாகவும் அனுமதி பெற வேண்டும்.

2003 ஜனவரி 25-இல் ஸ்லாமர் என்ற கணினிப் புழு யுடிபி 1434 வழியே பத்தே நிமிடங்களில் உலகெங்கும் பரவியது. அந்தப் போர்ட்டை அடைக்கும் பட்டியல்கள் அவசரமாக எழுதப்பட்டன. ரூட்டரையே குறிவைக்கும் தாக்குதல்களைப் பற்றிய கவலையும் அந்த ஆண்டுகளில் வளர்ந்தது. ஆகவே ரூட்டர்களின் பேச்சு யாரிடமிருந்தும் வரலாம் என்று திறந்துவிடுவதும் பிழையே. தெரிந்த அண்டையின் முகவரிக்கு மட்டுமே அனுமதி தர வேண்டும். ரூட்டர் பாதுகாப்பு பற்றி 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6192 ஆவணத்தின் மாதிரிப் பட்டியல் ஓஎஸ்பிஎஃபையும் பிஜிபியையும் பெயர் சொல்லி அனுமதிக்கிறது.