கடதாசி

மெல்லிய வண்ணத் தாளை இதழிதழாக வெட்டிக் கம்பியில் சுற்றி விற்கும் பூ திருகோணமலை அன்புவழிபுரத்தில் கடதாசிப்பூ. வேலியில் பூக்கும் போகன்வில்லாவும் கடதாசிப்பூதான். சொல் கடல்வழி வந்தது. போர்த்துக்கேயத்தில் அது ‘கர்த்தாஸ்’. 16ஆம் நூற்றாண்டில் இந்துமாக்கடலில் ஓடிய வணிகக் கப்பல்கள் போர்த்துக்கேயரிடம் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்த கடற்சீட்டுக்கும் அதே பெயர். சீட்டில்லாத கப்பலைப் பிடித்துச் சரக்கைப் பறித்தார்கள். 1624இல் திருகோணமலையில் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. அவ்வளவு அச்சம் தந்த சொல், இன்று பிள்ளைகள் துண்டுதுண்டாகக் கிழித்துப் பசை தடவி ஒட்டும் சித்திரத்துக்கு உரியதாகிவிட்டதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. தமிழ்நாட்டில் அது ‘கடுதாசி’யாகிக் கடிதத்தைக் குறித்தது. யாழ்ப்பாணத்தில் கடதாசி விளையாட்டு என்றால் சீட்டாட்டம். சிங்களவருக்கும் தாள் கடதாசிதான். கிழக்குக் கரையிலேயே, வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து தாள் செய்த ஆலையை ஊர் கடதாசி ஆலை என்றே அழைக்கிறது.