ஜாதி நாய்

வம்சாவளி தெரிந்த நாய்க்குத் தமிழில் புழங்கும் பெயர் 'ஜாதி நாய்'. புலவர்கள் கூடி ஆக்கிய கலைச்சொல் அல்ல இது. வெள்ளைக்காரன் தன் நாயையும் அதன் பதிவேட்டையும் கொண்டுவந்து இறக்கியபோது அந்த ஏற்பாட்டை யாரும் நமக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது என்று நினைக்கிறேன். பிறப்பினால் மதிப்பு, உள்ளுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை, கலந்தால் விலக்கு. இவ்வளவுக்கும் சேர்த்து நம்மிடம் ஒரு சொல் தயாராக இருந்தது. கேட்டுக்கு உள்ளே இருப்பது ஜாதி நாய். வெளியே இருப்பது நாட்டு நாய்.

இந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க நேர்ந்தது சூலூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையில். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நாய்க்குட்டி வளர்த்து விற்கக் கடன் கேட்டு வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். சுருட்டை முடியோடு பொம்மை போல் ஒரு குட்டி.

"லேப்ரடாரையும் பூடிலையும் சேத்ததுங்க. லேப்ரடூடில்னு பேரு. குட்டி ஒண்ணு அறுவதாயிரத்துக்குப் போகுதுங்க."

பென்ஷன் வாங்க வந்து பக்கத்தில் நின்ற ஓய்வு பெற்ற ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "சாதி நாயும் இல்ல, நாட்டு நாயும் இல்ல. ரெண்டுங்கெட்டானுக்கா இத்தனை காசு?"

"அப்படிச் சொல்லாதீங்க சார். வீரிய ஒட்டுச் சோளம் மாதிரிங்க இது. ரெண்டுலயும் இருக்கிற நல்லது மட்டும் வந்துருமுங்க."

எங்கள் பட்டியலில் கறவை மாடு உண்டு, ஆடு உண்டு, கோழி உண்டு, நாய் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கலப்பின நாய்களைப் பற்றி உலகெங்கும் நடக்கும் சர்ச்சை பெரும்பாலும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவர் கலப்பை இழிவு என்கிறார். மற்றவர் கலப்பை வரம் என்கிறார். சுத்தம் என்று ஒன்று முன்பே இருந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. சரித்திரம் இந்த இடத்தில்தான் குறுக்கிடுகிறது.

நாய் மிகப் பழையது. நாய் ஜாதி மிகப் புதியது. 1859இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் நடந்ததைத்தான் முதல் நாய்க் கண்காட்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் உண்டாயிற்று. பதிவேடு எழுதப்பட்டது, பிறகு மூடப்பட்டது: பதிவான தாய்க்கும் பதிவான தகப்பனுக்கும் பிறந்தது மட்டுமே இனி அந்த இனம். அதற்கு முன்பு நாயை அடையாளம் காட்டியது பெரும்பாலும் அதன் வேலைதான். கொங்கு நாட்டுக் கொறங்காட்டில், கிளுவை வேலிக்குள் ஆடுகளுக்குக் காவல் கிடப்பதைப் பட்டி நாய் என்பார்கள். அதன் தகப்பன் யாரென்று யாரும் கேட்பதில்லை.

இன்று சுத்தமான ஜாதி நாய் என்று நம்மூரில் மதிக்கப்படும் டாபர்மேனை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அப்போல்டா என்ற ஊரில் வரி வசூலித்த லூயிஸ் டாபர்மேன், வசூலுக்குப் போகும்போது துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று கைக்குக் கிடைத்த நாய்களைச் சேர்த்து உருவாக்கியது அது. எவை எவற்றைச் சேர்த்தார் என்பதற்குச் சரியான குறிப்பு இல்லை. பணப்பை தூக்கும் உத்தியோகத்தில் இருக்கும் எனக்கு அவருடைய தேவை நன்றாகவே புரிகிறது. அவர் 1894இல் இறந்தார். பின்னால் வந்தவர்கள் நாய்க்கு அவர் பெயரை வைத்தார்கள், பதிவேட்டை மூடினார்கள். நேற்றைய கலப்பு இன்றைய ஜாதி ஆயிற்று. மூடிய பதிவேட்டுக்குத் தன் பிறப்பு ஞாபகமிருப்பதில்லை.

லேப்ரடூடிலின் கதை இதற்கு மறுபுறம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் ஸ்தாபனம் ஒன்றில் இருந்தவர் வாலி கான்ரன். ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண் ஒருவர் எழுதினார்: தனக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. முடி அதிகம் உதிர்க்காத பூடில்களை, ஒன்றல்ல, முப்பத்து மூன்றைச் சோதித்துப் பார்த்து, எதுவும் அந்த வேலைக்குத் தேறாமல், கடைசியில் 1989இல் பூடிலையும் லேப்ரடாரையும் சேர்த்தார் கான்ரன். மூன்று குட்டிகள் பிறந்தன. ஒன்றின் முடியும் எச்சிலும் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டன. மற்ற இரண்டையும் பயிற்சிக்காக வீட்டில் வைத்து வளர்க்க யாரும் முன்வரவில்லை. கலப்பு நாய் வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் கான்ரன் 'லேப்ரடூடில்' என்ற பெயரைச் சொல்லிப் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுக்க வைத்தார். அதே நாயை வேண்டாம் என்றவர்கள் இப்போது கேட்டு நின்றார்கள். நாய் மாறவில்லை, பெயர் வந்தது, அவ்வளவுதான். முப்பது வருஷம் கழித்து, 2019இல், அந்த நாயை உண்டாக்கியது தன் வாழ்க்கையின் வருத்தம் என்று கான்ரன் வானொலியில் சொன்னார். அவர் வருந்தியது முதல் நாய்க்காக அல்ல, அந்தப் பெயரை நம்பிப் பின்னால் கிளம்பிய வியாபாரத்துக்காக.

வங்கிக்கு வந்தவர் சொன்ன வீரிய ஒட்டு உவமையில் பாதி உண்மை உண்டு. ஒட்டு விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்து விதைத்தால் அதே விளைச்சல் வராது என்பது எங்கள் பக்கத்துச் சம்சாரிக்குத் தெரியும். நாயிலும் அப்படித்தான். கலப்புக்குக் கலப்பு பிறக்கும் குட்டிகள் முடியிலும் குணத்திலும் ஒன்று போல் இருப்பதில்லை. ஒவ்வாமை தராத நாய்கள் எனப்படுபவற்றின் முடியில் ஒவ்வாமைப் பொருள் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்று 2012இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வொன்று காட்டியது. பூடில் கலப்புகள் மூன்றை அவற்றின் பெற்றோர் இனங்களோடு, 57 நோய்களை வைத்து ஒப்பிட்டது பிரிட்டனில் 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஒப்பீடுகளில் 86.6 சதவீதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆசிரியர் சொன்ன ரெண்டுங்கெட்டானும் இல்லை, வந்தவர் சொன்ன வரமும் இல்லை.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா ஒரு ராஜபாளையம் குட்டி கொண்டுவந்தார். மில்லில் கூட வேலை பார்த்தவர் கொடுத்தது. ஒரு புள்ளி இல்லாத வெள்ளை, ரோஜா நிற மூக்கு. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் 'அசல் சாதி' என்றார்கள். மணி என்று பெயர் வைத்தோம். கூப்பிட்டால் வராது. திமிர் பிடித்த நாய் என்று அப்பா அடித்தார், நானும் அடித்தேன். ஆறு மாதம் கழித்து, தீபாவளியன்று வாசலில் சரவெடி வெடித்துக்கொண்டிருக்க, மணி திண்ணையில் அசையாமல் தூங்கியதைப் பார்த்த பிறகுதான் அதற்குக் காது கேட்காது என்று எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த மாசியில் திருச்சி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தாராம்.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு முனைகள் அழிந்துவிடும் என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். நாங்கள் மெச்சிய வெள்ளையும் நாங்கள் அடித்த செவிடும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அந்த வெள்ளையைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தது மனித ரசனை. 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தபோது எனக்குப் பெருமைப்பட முடியவில்லை.

அப்படியானால் கலப்புதான் மருந்தா? ஒரு முறை அப்படி இருந்திருக்கிறது. டால்மேஷன் நாய்களுக்குச் செவிட்டுத்தன்மையோடு இன்னொரு பிறவிக் குறையும் உண்டு. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் அடைக்கும். இனத்துக்குள் இந்தக் குறை இல்லாத நாயே இல்லை என்ற நிலையில், 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயின்டர் நாயைச் சேர்த்தார். பிறகு தலைமுறைதோறும் டால்மேஷனோடு மட்டுமே சேர்த்துவந்தார். குறை நீங்கிய புள்ளி நாய்கள் பிறந்தன. 1981இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷன் அபிமானிகள் கொதித்தெழுந்ததும் கதவைச் சாத்தியது. மறுபடி திறந்தது 2011இல். முப்பது வருஷம் நாய்கள் கல்லடைத்துத் துடித்தன. பதிவேடு சுத்தமாக இருந்தது.

'கலப்பு' என்ற சொல் எங்கள் பக்கத்தில் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று என் மேஜையிலிருந்தே பார்க்கிறேன். பசுவில் கலப்பு என்றால் கடன் கிடைக்கும். படிவத்தில் அச்சடித்தே இருக்கிறது, கலப்பினக் கறவை மாடு என்று. நாயில் கலப்பு என்றால் அறுபதாயிரம். கலியாணத்தில் கலப்பு என்றால், 2016 மார்ச் 13ஆம் தேதி பட்டப்பகலில், உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கலப்புத் திருமணத்துக்கு நிதியுதவி தரும் திட்டம் அரசாங்கத்திடம் உண்டு. அந்தச் சொல்லைத் திட்டத்திலும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நாயை வைத்து மனிதனைப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்று தெரியாமல் இதை எழுதவில்லை. நாய் இனங்களுக்குள் உள்ள வேறுபாடு மனிதன் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியது. மனித ஜாதிகளுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. உவமை பொய். ஆனால் சொல் நாயிடமிருந்து நமக்கு வரவில்லை. நம்மிடமிருந்துதான் நாய்க்குப் போயிற்று.

நம் சிறு வட்டத்துக்கும் இதில் பங்குண்டு. புதுக்கவிதையை உரைநடைக்கும் செய்யுளுக்கும் பிறந்த ரெண்டுங்கெட்டான் என்றுதான் பண்டிதர்கள் விரட்டினார்கள். 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது அதற்குப் பதிவேடு எதுவும் இருக்கவில்லை. இன்று அசல் எது, கலப்படம் எது என்று வாசலில் நின்று சோதிப்பவர்கள் நாமேதான். டாபர்மேன்காரர்கள் செய்ததைத்தான் நாமும் செய்திருக்கிறோம்.

சட்டம் இதற்குள் தட்டுத்தடுமாறி வருகிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதமே நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஓசையில்லாமல் வந்த 2017ஆம் வருஷத்து விதிகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒன்றரை வயதுக்கு முன் பெட்டையை ஈனவைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. இந்த நிபந்தனைகளில் ஜாதியும் இல்லை, கலப்பும் இல்லை. தாய் நாய் இருக்கிறது. இருதரப்புச் சர்ச்சையிலும் நான் பார்க்காத பிராணி அது.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனும் பக்கத்தில் அவன் நாயும். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். என்ன ஜாதி என்று வெட்டவில்லை.

கடன் கேட்டு வந்தவர் போன வாரம் மறுபடி வந்தார், நகைக்கடனுக்கு. ரசீது போட்டுக்கொண்டே, அந்தப் படத்திலிருந்த குட்டியின் தாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சற்று நேரம் என்னையே பார்த்தார்.

"அதைப் பாக்கலீங்க. குட்டி படம்தான் அனுப்புனாங்க."